பூப்பந்தும் பிள்ளைகளின் கண்ணும்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் சாயங்காலம் போய்ப் பாருங்கள். திடலில் ஒரு கூட்டம் பந்து உதைக்கும். லயன் வீடுகளுக்கு நடுவே சிமெண்டுத் தரையில் கோடு போட்டு, வலை கட்டி இன்னொரு கூட்டம் பூப்பந்து, அதாவது பேட்மிண்டன், ஆடும். "மூஞ்சியில பட்டுடப் போவுதுடா" என்று அம்மாக்கள் கத்துவதெல்லாம் திடலைப் பார்த்துத்தான். ஐந்து கிராம் இறகு என்ன செய்துவிடும் என்ற நினைப்பு.

கண்குழியின் வாய் ஏறத்தாழ 4 செ.மீ. அகலம், 3.5 செ.மீ. உயரம். சுற்றிலும் புருவ எலும்பும் கன்ன எலும்பும் காவல். 22 செ.மீ. விட்டமுள்ள கால்பந்து வந்தால் அடியில் பெரும்பங்கை எலும்பே வாங்கிக்கொள்ளும். பூப்பந்தின் தக்கையோ 25 முதல் 28 மி.மீ.தான், எலும்பில் தட்டாமல் நேரே விழியில் இறங்கும். இந்திய ஆட்டக்காரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023இல் அடித்த ஸ்மாஷின் வேகம் மணிக்கு 565 கி.மீ. நம் பையன்கள் அதில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் அடித்தாலும், மூன்று மீட்டரைக் கடக்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். இமை மூடவே அவ்வளவு நேரம் ஆகும். அதிலும் இரட்டையர் ஆட்டத்தில் வலையருகே நிற்பவன், கூட்டாளி என்ன செய்கிறான் என்று பின்னால் திரும்பிப் பார்ப்பான் பாருங்கள், அதுதான் ஆபத்து.

தண்ணீர் நிரப்பிய பலூனை மேலிருந்து அமுக்கினால் பக்கவாட்டில் புடைக்கும். விழிக்குள்ளும் சுருங்காத நீர்மம்தான் இருக்கிறது. முன்னாலிருந்து அமுங்கும் விழி நடுவில் விரிகிறது. அந்த இழுப்பில் விழித்திரையின் ஓரம் கிழியலாம், லென்ஸ் நகரலாம். ஐரிஸ் எனும் நிறப்படலத்தின் வேர் கிழிந்தால் இரத்தம் கசிந்து, பிள்ளை நிமிர்ந்து உட்காரும்போது அந்தப் படலத்துக்கு முன்னால் அடியில் சிவப்புக் கோடாகத் தங்கும். சில நாளில் வற்றிவிடும். ஆனால் முதல் ஐந்து நாளுக்குள் மறுபடி கசிவது உண்டு. கண்ணீர் வேறு, விழிக்குள் ஊறும் நீர் வேறு. இந்த நீர் வடியும் மூலை சிதைந்திருந்தால் பல வருடம் கழித்துக்கூடக் கண் அழுத்த நோய் வரலாம்.

நம் வீடுகளில் உடனே என்ன செய்வோம்? முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதி, கண்ணில் ஒத்தடம். அன்பான வைத்தியம்தான், ஆனால் அடிபட்ட விழியை அமுக்கக் கூடாது. காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணில் படாமல் எலும்பு விளிம்பில் பதியும்படி ஒட்டி, அன்றைக்கே ஈப்போவுக்குக் கண் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம், இரத்தக் கசிவு கூடும்.

பெரிய பந்தோ முழங்கையோ பட்டால் இன்னொரு வகைச் சிக்கல். கண்குழியின் அடித்தள எலும்பு மெல்லியது. பிள்ளைகளுக்கு அது வளைந்து விரிசல்விட்டு, தசையைக் கவ்விக்கொண்டு மறுபடி மூடிவிடும். கண் வெள்ளையாகவே இருக்கும், வீக்கமும் அதிகமிருக்காது. மேலே பார்க்கச் சொன்னால் அந்தக் கண் மட்டும் ஏறாது. குமட்டும், வாந்தி வரும். தலையில் அடி என்று நினைத்து இதைத் தவறவிடுகிறார்கள். அறுவை சிகிச்சை தாமதமானால் தசை கெட்டுவிடும்.

தடுப்பு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. போலிகார்பனேட் லென்ஸ் போட்ட விளையாட்டுக் கண்ணாடி போதும். 1953இல் பாயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் உருவாக்கிய பிளாஸ்டிக் அது. போலீஸ் கேடயங்களிலும் அதுவே. கீறல் எளிதில் விழும், உடையாது. வாங்கும்போது ஏஎஸ்டிஎம் எஃப்803 அல்லது எஃப்3164 என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். அன்றாடப் பவர் கண்ணாடியை நம்ப வேண்டாம். அடி விழுந்தால் அதன் லென்ஸே உடைந்தோ கழன்றோ கண்ணுக்குள் பாயும். லென்ஸ் இல்லாத வெறும் சட்டத்தில் சிறிய பந்து நுழைந்துவிடும்.

உலக ஜூனியர் ஸ்குவாஷ் போட்டிகளில் இந்தக் கண்ணாடி கட்டாயம். நம் ஊர்ப் பூப்பந்துத் தளத்தில் போட்டால் "பெரிய ஆட்டக்காரன்" என்று கேலி. கேலிக்குப் பயப்படுகிற பிள்ளையைத் தனியாகப் போடச் சொல்லிப் பயனில்லை, பயிற்சியாளர் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பவர் கண்ணாடி போட்டும் ஒரு கண்ணில் மட்டும் பார்வை 6/12க்குக் கீழே (நல்ல கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரிலும் படிக்க முடியாத அளவு) உள்ள பிள்ளை என்றால் பேச்சே இல்லை: விளையாட்டுக் கண்ணாடி மாட்டாமல் தளத்தில் இறக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு மாற்றுக் கண் கிடையாது.