மாத்திரைக்கு முன்னால் படுக்கையறையைக் கவனியுங்கள்

கோடைக்காலத்தில் தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்த மாடியில் படுக்கிறீர்கள்?" என்றுதான். மேல்தளம், தலைக்கு நேர் மேலே மொட்டை மாடி என்று பதில் வந்தால், மருந்துச் சீட்டை ஒதுக்கிவிட்டு அந்த அறையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன்.

நன்றாகத் தூங்க வேண்டுமென்றால் உடலின் உள்வெப்பம் இறங்க வேண்டும். மாலையிலிருந்து விடியற்காலைக்குள் அது கிட்டத்தட்ட 1 டிகிரி செல்சியஸ் குறைகிறது. கை, கால் தோல் வழியாகத்தான் அந்த வெப்பத்தில் பெரும்பங்கு வெளியேறுகிறது. ஆனால் மதுரையிலும் வேலூரிலும் கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகும் பல மணி நேரம் அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட அறையில் நள்ளிரவு தாண்டியும் ஒருவர் புரண்டுகொண்டிருந்தால், மனக்கவலைதான் காரணம் என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது.

சரி, என்ன செய்யலாம்? செலவு குறைந்த வழி, மொட்டை மாடிக்கு வெள்ளையடிப்பது. சுண்ணாம்போ வெள்ளை கூலிங் பெயிண்டோ, பங்குனி வெயில் ஏறுவதற்குள் அடித்துவிடுங்கள். பகலில் மேற்கு ஜன்னலை மூடிக் கனத்த திரை போடுங்கள். இரவு வெளிக்காற்று குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. கொசுவுக்குப் பயந்து மாலையிலேயே எல்லாவற்றையும் சாத்திவிட்டு, கொசுவத்திப் புகையில் படுக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அந்தப் புகை ஆகவே ஆகாது. ஜன்னலுக்கு வலையடித்து, கட்டிலுக்கும் கொசுவலை கட்டினால் காற்றை அடைக்க வேண்டிய அவசியமே இல்லை.

கீழே ஒரு கூடம் இருந்தால் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் படுக்கையை அங்கே மாற்றிவிடுங்கள். ஃபோம் மெத்தை உடல் சூட்டைப் பிடித்து வைக்கும். அதை மாற்ற வசதியில்லை என்றால் மேலே ஒரு கோரைப்பாயை விரித்துப் படுத்துப் பாருங்கள். ஏசி இருப்பவர்கள் 18-இல் வைத்துவிட்டு நடுராத்திரியில் போர்வையைத் தேட வேண்டாம். 25, 26-இல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டாலே போதும்.

அப்புறம் வெளிச்சம். தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலட்டோனின் சுரப்பை, படுக்கப்போகும் வரை எரியும் வெள்ளை டியூப்லைட் தள்ளிப்போடுகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மங்கலான மஞ்சள் விளக்குக்கு மாறுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கழிவறைக்குப் போகும் வழியில், தரையை ஒட்டி ஒரு சின்ன விளக்கு கட்டாயம் வேண்டும். தூக்க மாத்திரையின் மயக்கத்தில் எழுந்து நடந்து, விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. வயதானவர்களுக்கு அந்த மாத்திரையை எழுத நான் தயங்குவதற்கு அதுவே முக்கியக் காரணம்.

அறையைச் சரிசெய்தும் பகலெல்லாம் தூங்கி வழிகிறீர்களா? பலத்த குறட்டையா? தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்களா? இவை தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். சிலருக்கு அது மூச்சுத் தடையை இன்னும் மோசமாக்கும். மருத்துவரிடம் போங்கள். போகும்போது உங்கள் அறையில் படுப்பவரையும் கூட்டிப் போங்கள். இரவில் மூச்சு எப்படிப் போகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.