அமிலத்தில் குடியிருக்கும் கிருமி

இதய வால்வில் கிருமி தொற்றியிருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால், முதல் வேலை பிளட் கல்ச்சர்: ரத்தத்தைக் குப்பியில் வைத்து, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. வெவ்வேறு இடங்களில் ஊசி போட்டு மூன்று முறை ரத்தம் எடுப்பார்கள். முதல் முறைக்கும் கடைசி முறைக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்றவை ஓரிரு நாளில் குப்பிக்குள் வளர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். சிலருக்கு ஐந்து நாள் கழிந்தும் எதுவும் வளராது. பெரும்பாலும், ரத்தம் எடுப்பதற்கு முன்பே யாராவது ஆன்டிபயாட்டிக் கொடுத்திருப்பார்கள். அதுவும் இல்லையென்றால், தேட வேண்டியவற்றில் ஒன்று காக்ஸியெல்லா பர்னெட்டி என்ற பாக்டீரியா.

இது உண்டாக்கும் நோய் கியூ காய்ச்சல். 1935இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களுக்கு வந்த காய்ச்சலை டாக்டர் எட்வர்ட் டெரிக் ஆராய்ந்தார். காரணம் பிடிபடாததால் கேள்வியைக் குறிக்கும் 'குவெரி'யின் முதலெழுத்தையே பெயராக வைத்தார். பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் முதலெழுத்து என்று பலர் நினைப்பது தவறு.

ஆடு மாடு ஈனும்போது விழும் நஞ்சுக்கொடியில், ஒரு கிராமுக்கு நூறு கோடிக் கிருமிகள்வரை இருக்கலாம். அது காய்ந்து தூசியாகிக் காற்றில் கலந்தால், ஆட்டைத் தொடாதவருக்கும் நோய் வரும். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை 4,000க்கும் மேற்பட்டோருக்கு இப்படி வந்தது பால் ஆட்டுப் பண்ணைகளிலிருந்துதான். 50,000க்கும் மேற்பட்ட ஆடுகளைக் கொன்றார்கள்.

தொற்றியவர்களில் பாதிப்பேருக்காவது எந்தத் தொந்தரவும் தெரியாது. நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவானவர்களிடம்தான் கிருமி தங்கிவிடுகிறது. அது தேர்ந்தெடுப்பது ஏற்கெனவே பழுதான இடத்தை: கசியும் வால்வு, செயற்கை வால்வு, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருநாடியின் பலூன்போல் புடைத்த சுவர், அங்கே வைத்துத் தைத்த செயற்கைக் குழாய்.

கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் மேக்ரோஃபேஜ் செல், உள்ளே ஓர் அமிலப் பை வைத்திருக்கிறது. அதன் பிஎச் அளவு 5க்கும் கீழே. பெரும்பாலான பாக்டீரியாக்கள் அதில் கரைந்துபோகும். காக்ஸியெல்லாவுக்கோ அந்த அமிலம்தான் வசதி, அதில்தான் பெருகுகிறது. வழக்கமான கல்ச்சர் குப்பியில் வளராததும் இதனால்தான்: அது செல்லுக்குள் வாழப் பழகிய கிருமி. இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படமான எக்கோவும் ஏமாற்றும். வழக்கமான தொற்றில் வால்வில் ஆடும் சதைத் துணுக்கு போன்ற படிவு தெரியும். இதில் அது மிகச் சிறியதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. நோயாளியிடமும் மாதக்கணக்கில் சோர்வு, எடை இழப்பு, விட்டுவிட்டு வரும் லேசான காய்ச்சல், இவ்வளவுதான்.

எனவே கிருமியை விட்டுவிட்டு, அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புரதத்தை ரத்தத்தில் தேடுகிறார்கள். கிருமியின் மேலுறைக்கு இரண்டு நிலைகள் உண்டு. புதிய தொற்றில் இரண்டாம் நிலைக்கு எதிரான ஐஜிஜி என்ற எதிர்ப்புரதம் முந்தி எழும். தங்கிவிட்ட தொற்றில் முதல் நிலைக்கு எதிரானது ஓங்கும். பெயர்கள் தலைகீழாக இருப்பதால் அறிக்கையை வாசிப்பவர்கள் தடுமாறுவதுண்டு. சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) 800 மடங்குக்கு மேல் நீர்த்த பிறகும் முதல் நிலை ஐஜிஜி பிடிபட்டால், அந்த ஒரு சோதனையே எண்டோகார்டைடிஸுக்கு, அதாவது இதய வால்வுத் தொற்றுக்கு, முக்கியச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. பெருநாடியில் பதுங்கியிருந்தால் செல்கள் அதிகம் இயங்கும் இடங்களைக் காட்டும் பெட் சிடி ஸ்கேனில் அந்த இடம் ஒளிரும்.

சிகிச்சையிலும் அமிலம்தான் குறுக்கே நிற்கிறது. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தனியாகக் கொடுத்தால் கிருமியின் பெருக்கம் நிற்கும், கிருமி சாகாது. கூடவே கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஒரு மென்காரம். செல்லின் அமிலப் பையில் சேர்ந்து அமிலத்தைக் குறைக்கிறது. பிறகுதான் டாக்ஸிசைக்ளின் கொல்லத் தொடங்குகிறது. வழக்கமான அளவு: டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இரு வேளை, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் 200 மி.கி. மூன்று வேளை. சொந்த வால்வுக்கு 18 மாதம், செயற்கை வால்வுக்கு 24 மாதம். டாக்ஸிசைக்ளின் எடுப்பவருக்கு வெயிலில் தோல் பொசுங்கலாம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் விழித்திரையைக் கெடுக்கலாம், இதயத் துடிப்பின் லயத்தையும் குலைக்கலாம். அதனால் கண் பரிசோதனையும் ஈசிஜியும் தவறக் கூடாது. பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பலாம்.

பெருநாடி புடைப்பிலோ செயற்கைக் குழாயிலோ தொற்றியிருந்தால் மாத்திரை மட்டும் பெரும்பாலும் போதாது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு வேறு குழாய் வைக்க வேண்டிவரும்; விட்டுவைத்தால் சுவர் கிழிந்துவிடும் அபாயம் உண்டு.