நிவாரண மூட்டையில் பால்பவுடர் வேண்டாம்

எங்கே வெள்ளம், நிலநடுக்கம் என்றாலும் என்னிடம் முதலில் வரும் கேள்வி இதுதான்: "டாக்டர், பச்சைக் குழந்தைகளுக்கு எந்தப் பால்பவுடர் அனுப்பலாம்?" கேட்பவர்கள் நல்ல மனம் படைத்தவர்கள். எதையும் அனுப்பாதீர்கள் என்றால் முகம் சுருங்கிவிடுகிறது.

2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா பகுதியை நிலநடுக்கம் உலுக்கியது. 5,700 பேருக்கு மேல் இறந்தார்கள். பிழைத்தவர்களுக்குப் பால்பவுடர் வந்து குவிந்தது. பிறகு இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கணக்கெடுத்தார்கள். இலவசப் பால்பவுடர் கிடைத்தவர்களில் நான்கில் ஒரு குழந்தைக்கு அந்த வாரம் வயிற்றுப்போக்கு. கிடைக்காதவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒன்றுக்குத்தான். அதே ஆண்டு தொடக்கத்தில் ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் கனமழைக்குப் பின் வயிற்றுப்போக்கில் ஐந்நூறு குழந்தைகளுக்கு மேல் மாண்டார்கள். மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் பெரும்பாலானவை தாய்ப்பால் குடிக்காதவை.

காரணம் பவுடர் மட்டுமல்ல, அதைக் கரைக்கும் தண்ணீரும் பாட்டிலும். ஒரு வெள்ள நிவாரண முகாமில் வயிற்றுப்போக்கில் நீர் வற்றிப்போன நான்கு மாதக் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். கண்கள் குழிவிழுந்திருந்தன; வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் அமுங்கியது. பாட்டிலின் ரப்பர் காம்பைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே பழைய பால் ஏடாக ஒட்டியிருந்தது. டின் சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று பாட்டி நான்கு கரண்டிக்குப் பதில் இரண்டுதான் போட்டிருந்தார். குழந்தைக்கு நோயும் பட்டினியும் ஒரே பாட்டிலில் போயின.

"பயத்தில் பால் வற்றிவிட்டது" என்றார் தாய். எல்லா முகாம்களிலும் கேட்கும் பேச்சு இது. அதிர்ச்சியில் பால் இறங்கத் தாமதமாகலாம். அதனால் சுரப்பு நின்றுவிடாது. குழந்தையை அடிக்கடி சப்பவிட வேண்டும். தாய்க்கு வயிறாரச் சோறும் குடிநீரும், நாலு பேர் பார்வை படாத ஒரு மூலையும் வேண்டும். அந்த மூலையைப் பற்றி நிவாரணக்காரர்கள் யாரும் யோசிப்பதே இல்லை.

தாயை இழந்த குழந்தைக்குப் பால்பவுடர் தேவைதான். அதைச் சுகாதாரப் பணியாளர் கையால், கொதித்த நீரில் அளவாகக் கரைத்து, பாலாடையில் (மூக்குள்ள சிறு கிண்ணம்) புகட்ட வேண்டும். பாலாடையைத் தேய்த்துக் கழுவுவது எளிது. பாட்டிலுக்கு அந்த வசதி இல்லை. வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் ஓ.ஆர்.எஸ். கரைசல், 14 நாள் துத்தநாக மருந்து. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

அந்தக் குழந்தைக்குக் கரைசலைச் சிறுகச் சிறுகப் புகட்டினோம். இரண்டு சேலைகளைத் திரையாகக் கட்டித் தாயை உட்காரவைத்தோம். மூன்றாம் நாள் பால் நன்றாகவே இறங்கியது. மீதிப் பவுடரில் பாட்டி முகாமிலிருந்த பெரியவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தார்.