வீட்டில் டைமிங் பெல்ட் மாற்றப் போகிறீர்களா?

டைமிங் பெல்ட் என்பது பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் பிசகாமல் சேர்ந்து சுற்ற வைக்கும் பல் பெல்ட். பெல்ட் வாங்கக் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளுக்குப் போகுமுன், உங்கள் எஞ்சினில் பெல்ட்தான் இருக்கிறதா என்று பாருங்கள். 1என்இசட் எஞ்சின் பூட்டிய விட்ஸ், அக்ஸியோ கார்களில் இருப்பது செயின். இங்கே சொல்வது கொரோலா 110இன் 5ஏ எஞ்சினுக்கு. இதில் பெல்ட் அறுந்தால் கார் நிற்கும், வால்வு வளையாது. ஹோண்டா டி15பீ, டொயோட்டா 3சீ டீசலில் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும். முதல்முறை கைவைப்பவர்கள் அவற்றைக் கராஜ் பாஸிடமே கொடுங்கள்.

ஜப்பானில் சொல்லும் கணக்கு 100,000 கிலோமீற்றர். ஆனால் கொழும்பு காலி வீதி நெரிசலில் கார் நிற்கும்போதும் பெல்ட் சுழல்கிறது, மீற்றர் ஏறுவதில்லை. கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். பெல்ட்டை இறுக்கி வைக்கும் டென்ஷன் பெயாரிங், கேம், கிராங்க் ஒயில் சீல்களையும் சேர்த்தே வாங்குங்கள். கசியும் ஒயில் புதுப் பெல்ட்டையும் ஊறவைத்துக் கெடுத்துவிடும். வோட்டர் பம்ப் இந்த எஞ்சினில் வெளிப் பெல்ட்டில் ஓடுவதால், அது கசிந்தால் மட்டும் மாற்றினால் போதும்.

பெற்றரியின் மைனஸ் வயரையும் வலது முன்சில்லையும் கழற்றி, காரை ஜாக் ஸ்டான்டில் நிறுத்துங்கள். எஞ்சின் மவுண்டைத் தொடுமுன் ஒயில் சம்புக்கு அடியில் பலகை வைத்து இன்னொரு ஜாக்கால் தாங்க வேண்டும்.

பலர் மாட்டிக்கொள்வது 19 மில்லிமீற்றர் கிராங்க் போல்ட்டில்தான். கம்பியை முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரை அடிக்காதீர்கள், கம்பி கையை முறிக்கும். மெனுவல் கியர் காரென்றால் சில்லு நட்டுகளை டிஸ்க்கில் திரும்பப் பூட்டி, ஐந்தாம் கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்தால் போதும். ஓட்டோ கியர் காரில் இது சரிவராது. முதலாம் பிஸ்டனை அமுக்கத்தின் உச்சிக்கு (வால்வுகள் மூடியபடி பிஸ்டன் முழுக்க மேலேறும் இடம்) கொண்டுவந்து, கால் சுற்று முன்னே சுற்றி, பிளக் துவாரத்தால் நைலோன் கயிற்றை உள்ளே திணியுங்கள். கயிறு பிஸ்டனைத் தடுத்து, போல்ட்டைக் கழற்றும்போது கிராங்க்கைச் சுற்றவிடாது. நுனி வெளியே இருக்கட்டும்.

போல்ட் இளகியதும் கயிற்றை எடுத்துவிட்டு, கிராங்க் புலியின் (தண்டின் நுனியில் பெல்ட் ஓடும் சில்லு) வெட்டை டைமிங் மூடியின் 0இல் நிறுத்துங்கள். கேம் புலியின் துளை பெயாரிங் மூடியின் அடையாளத்துக்கு நேராக நிற்க வேண்டும். இல்லையென்றால் கிராங்க்கை இன்னொரு முழுச்சுற்று சுற்றுங்கள். அடையாளங்களில் டிப்பெக்ஸ் பூசுங்கள். பெல்ட்டைக் கழற்றிய பிறகு கிராங்க்கும் கேமும் அசையக் கூடாது.

புதுப் பெல்ட்டைப் போடும்போது தளர்வு முழுவதும் டென்ஷன் பக்கம் வரட்டும். டென்ஷன் போல்ட்டை அரைச்சுற்று தளர்த்தி, கிராங்க்கைக் கையால் வலஞ்சுழியாக இரண்டு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். அடையாளங்கள் திரும்பச் சேர்ந்தால்தான் போல்ட்டை இறுக்கலாம். ஒரு பல் பிசகினாலும் இழுவை குறையும், பெற்றோல் கூடக் குடிக்கும்.

கிராங்க் போல்ட்டுக்கு 118 நியூட்டன் மீற்றர் இறுக்கம் வேண்டும். டோர்க் ரென்ச்சை இரவல் வாங்கியாவது இறுக்குங்கள். அது இளகினால் புலி ஆடி, கிராங்க்கில் புலியைப் பிடிக்கும் சாவிக்குழியையே தின்றுவிடும்.