லோட்: தொட்டாலே ஏறிவிடும் குண்டு

தமிழில் 'லோடு' என்றால் முதலில் நினைவுக்கு வருவது லாரி. ஒரு லோடு மணல், ரெண்டு லோடு செங்கல், லோடுமேன், லோடு இறக்கிய கூலி. அடுத்து வருவது கைபேசி: 'பக்கம் லோடே ஆகல'. இரண்டிலும் உள்ள பொருள் ஒன்றுதான். வெறுமையாக இருந்தது நிறைகிறது. இந்தப் பழக்கத்தோடு ஒருவர் துப்பாக்கி சுடும் களத்துக்குள் நுழைந்தால், அங்கே ஒலிக்கும் 'லோட்' என்ற ஆணையைத் தப்பாகப் புரிந்துகொள்வார். களத்தில் அந்தச் சொல்லுக்கு நிறைவது பொருளே இல்லை.

சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி, ஒரு தோட்டாவோ, ஈயக்குண்டோ, குண்டு உள்ள மேகசினோ (குண்டுகளை அடுக்கும் கூடு) துப்பாக்கியைத் தொட்டுவிட்டாலே அது 'லோட்' ஆன துப்பாக்கி. குழலுக்குள் போக வேண்டியதில்லை. பின்வாயை அடைக்கும் போல்ட் மூட வேண்டியதில்லை. விசை தயாராக இருக்க வேண்டியதும் இல்லை. 4.5 மி.மீ. ஈயக்குண்டை விரலில் எடுத்து, குழலின் பின்வாயில் சும்மா வைத்துப் பார்க்கிறான் ஒரு பையன். ஆணை வரவில்லை என்றால், அவன் விதியை மீறிவிட்டான். 'இன்னும் உள்ளே தள்ளலையே சார்' என்பது செல்லாது.

எல்லைக்கோட்டை இவ்வளவு தள்ளிப் போட்டதற்குக் காரணம் உண்டு. பாதி ஏறிய நிலை, முக்கால் ஏறிய நிலை என்று அனுமதித்தால் ஒவ்வொரு துப்பாக்கியையும் நடுவர் குனிந்து பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும். தொட்டதா, தொடவில்லையா என்பதை மட்டும் ஐந்தடி தள்ளி நின்றே பார்த்துவிடலாம்.

சொல் வந்த வழி கொஞ்சம் வேடிக்கையானது. பழைய ஆங்கிலத்தில் 'லாட்' என்றால் வழி, பயணம், கொண்டுசெல்லுதல். வழியில் கொண்டுபோகும் சுமைக்கு அது பெயராகி, வண்டியில் சுமை ஏற்றுவதாகி, கடைசியில் துப்பாக்கிக்குள் மருந்தும் குண்டும் ஏற்றுவதாயிற்று. நம் 'துப்பாக்கி'யும் ஊர் சுற்றி வந்த சொல்தான். துருக்கியின் 'துஃபெக்' அதற்கு மூலம். அந்தச் சொல் துருக்கிய மொழிகளில் முதலில் குறித்தது வாயால் ஊதிச் சுடும் குழலை. இன்றைய 10 மீட்டர் ஏர் ரைஃபிள், அதாவது காற்றுத் துப்பாக்கி, அந்த ஆதிப் பொருளுக்குத்தான் திரும்பியிருக்கிறது, வாய்க்குப் பதில் காற்று உருளையோடு.

இனி 'லோட்' என்பதற்குத் தமிழ் தேடுவோம். பன்னாட்டுப் போட்டியில் ஆணைகள் ஆங்கிலத்தில்தான் வரும். அதை மாற்றும் பேச்சில்லை. மாவட்ட அளவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும், களத்துச் சுவரில் விதிப்பலகை எழுதவும்தான் தமிழ்ச் சொல் வேண்டும். அதிலும் கவனமாக இருக்க வேண்டும். காது மூடியை மாட்டிக்கொண்டு, ஒலிபெருக்கியின் இரைச்சலில் கேட்கிற சொல் இது.

பழைய சொல் 'கெட்டித்தல்'. நாட்டுத் துப்பாக்கிக்கும் கோயில் வேட்டுக்கும் மருந்தைப் போட்டுக் கோலால் இடித்து இறுக்குவது மருந்து கெட்டிப்பது. அழகான, துல்லியமான சொல், ஆனால் குழல்வாய் வழியாக மருந்திடும் துப்பாக்கிக்கு. இன்றைய துப்பாக்கியில் பின்வாய் வழியாகத்தான் எல்லாம் போகிறது. இடிக்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை. ஏர் ரைஃபிளில் மருந்தே இல்லை.

செய்தித்தாள்கள் 'குண்டு நிரப்பிய துப்பாக்கி' என்கின்றன. 'நிரப்பு' என்றால் நிறைய வேண்டும். ஏர் ரைஃபிளில் ஒரு முறைக்கு ஒரே குண்டு. 25 மீட்டர் பிஸ்டலில் ஒரு தொடருக்கு ஐந்து தோட்டா; மேகசினில் அதற்கு மேல் இடம் இருந்தாலும் போடக் கூடாது. அங்கே யாரும் எதையும் நிரப்புவதில்லை. 'நிரப்பவில்லை' என்று ஒரு பிள்ளை மனதாரச் சொல்லும்போது, ஒரு குண்டு உள்ளே இருக்கலாம்.

பேச்சில் எளிதாக வரும் 'குண்டு போடு' அடுத்த நொடியே விலக்கத்தக்கது. தமிழில் குண்டு போடுவது விமானம். 'குண்டு இடு' இலக்கணப்படி நல்லது. ஆனால் வேகமாகச் சொல்லும்போது சேர்ந்து ஒலிக்கும், வரிசையாக நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் சிரித்துவிடும். சுடும் கோட்டில் சிரிப்பு நல்லதல்ல. அதற்கு எதிர்ச்சொல்லாக 'எடு' வைத்தால் இன்னும் மோசம்: இடு, எடு இரண்டையும் காது மூடிக்குள் பிரித்தறிய முடியாது.

'ஏற்று', 'இறக்கு' என்னும் ஜோடி லாரிக்குக் கச்சிதம். களத்தில் அதுவே ஆபத்து. பிஸ்டல் சுடுபவர் ஒவ்வொரு குண்டுக்கும் கையை ஏற்றி இறக்குகிறார். 'இறக்கு' என்று ஆணை கேட்டால் பாதிப் பேர் கையைத் தாழ்த்துவார்கள், குண்டு உள்ளேயே இருக்கும்.

ஆகவே எங்கள் தேர்வு, செயப்படுபொருளையும் உள்ளே வைத்துச் சேர்த்த சொல்: 'குண்டேற்று'. ஏற்றுவது கையையா குண்டையா என்ற ஐயம் இதில் எழாது. 'குண்டேற்றிய துப்பாக்கி' என்று அடைமொழியாகவும் நிற்கும். 'அன்லோட்' என்பதற்கு 'குண்டிறக்கு' வேண்டாம், 'காலி செய்' போதும். 'காலி' அரபு வழி வந்ததுதான், ஆனால் தமிழன் எவனுக்கும் விளக்க வேண்டியதில்லை. குண்டேற்று, காலி செய்: ஓசையில் ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லை. ஆங்கிலத்தின் 'லோட்', 'அன்லோட்' ஜோடிக்கு இந்தச் சிறப்பு கிடையாது. அங்கே ஆட்டம் முடியும்போது 'ஸ்டாப்' முதலில் வந்து, பிறகுதான் 'அன்லோட்' வருவதால் சமாளிக்கிறது.

கூடவே ஒரு திருத்தம். ஏர் ரைஃபிளில் போடுவதைத் 'தோட்டா' என்று எழுதுகிறார்கள். தோட்டா என்பது கூடு, மருந்து, குண்டு மூன்றும் சேர்ந்தது; .22 துப்பாக்கிக்குப் பொருந்தும். காற்றுத் துப்பாக்கியில் போவது வெறும் ஈயக்குண்டு. இலங்கைத் தமிழில் ரவை, சன்னம் என்ற சொற்கள் உண்டு. இங்கே ரவை என்றால் உப்புமா நினைவுக்கு வந்துவிடுவதால் வலியுறுத்தவில்லை.

சொல்லை முடிவு செய்த பிறகு, செயலைச் சரியாகச் சொல்லித்தர வேண்டும். குழல்வாய் இலக்குப் பக்கமே இருக்க, குண்டேற்றும் நெம்புகோலைத் திறக்க வேண்டும். புதியவர்கள் தவறுவது இங்கேதான். ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். ஒரு கையில் தாங்கி மறுகையால் நெம்புகோலை இழுக்கும்போது முன்பகுதி தானாகப் பக்கத்தில் சுடுபவரின் பாதைக்குத் திரும்பிவிடும். துப்பாக்கித் தாங்கியில் வைத்து ஏற்றினால் திரும்பாது. குண்டின் தட்டைத் தலை முன்னால், பாவாடைபோல் விரிந்த பகுதி பின்னால். திருப்பிப் போட்டால் சிக்கும் அல்லது எங்கோ போகும். ஏற்றிவிட்டதை மறந்து இன்னொன்றையும் தள்ளுபவர்கள் உண்டு. ஏற்றவே மறந்து வெறும் காற்றைச் சுடுபவர்களும் உண்டு. போட்டிச் சுற்றில் அது 'மிஸ்', அதாவது பூஜ்யம்.

ஆணை வரும் விதம் பிரிவுக்குப் பிரிவு மாறும். 10 மீட்டர் தகுதிச் சுற்றில் 'ஸ்டார்ட்' வந்தாலே குண்டேற்றலாம். 60 குண்டு, மின்னணு இலக்கானால் 75 நிமிடம், இடையில் தனித்தனி 'லோட்' இல்லை. இறுதிச் சுற்றில் 'லோட்' வரும், 5 நொடியில் 'ஸ்டார்ட்' வரும். 25 மீட்டர் பிஸ்டலில் 'லோட்' வந்த பின் ஐந்து தோட்டா ஏற்ற ஒரு நிமிடம்.

'ஸ்டாப்' ஒலிக்கும்போது குண்டு உள்ளே இருந்தால் என்ன செய்வது? சுட்டால் அந்தக் குண்டு மிஸ்; பாதுகாப்புக்குக் கேடு என்று நடுவர் குழு கருதினால் போட்டியிலிருந்தே நீக்கம். தோட்டா என்றால் போல்ட்டை இழுத்தால் வெளியே வந்துவிடும். ஈயக்குண்டு குழலின் உட்புறம் வெட்டிய வரிப்பள்ளத்தில் கடித்துக்கொண்டு நிற்கும், விரலால் எடுக்க வராது. குழல்வாயை இலக்கு நோக்கியே வைத்து, கையைத் தூக்கி, 'குண்டு உள்ளது' என்று சொல்ல வேண்டும். கள அலுவலர் அனுமதி தந்த பிறகே அதைச் சுட்டு வெளியேற்றலாம்.

காலியாகிவிட்டது என்பதற்குச் சான்று பாதுகாப்புக் கொடி. கொடி என்று பெயர். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற இழைதான். .22 துப்பாக்கியில் அது தோட்டா அறைக்குள் போனாலே போதும், அறையில் தோட்டா இருந்தால் நுழையாது. காற்றுத் துப்பாக்கியில் குழல் நெடுகப் போய் முன்வாயில் எட்டிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உள்ளே கடித்து நிற்கும் குண்டு பின்னாலிருந்து பார்த்தால் தெரியாது. புல் வெட்டும் எந்திரத்தின் ஆரஞ்சு நைலான் இழையை வாங்கி, குழலின் இரு வாயிலும் இரண்டு விரற்கடை நீட்டும்படி வெட்டிக்கொண்டால் போதும். அலுவலர் பார்க்காமல் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து மூடுவது, கொடி இருந்தாலும், நீக்கத்தில் முடியலாம்.

பலகையில் எழுதுவதற்கு இவ்வளவு: 'ஆணைக்கு முன் குண்டு துப்பாக்கியைத் தொடக் கூடாது. தொட்டால் அது குண்டேற்றிய துப்பாக்கி.' எழுத்து அரையடி உயரம் இருக்கட்டும், சுடும் கோட்டிலிருந்தே படிக்க வேண்டும்.