கூண்டுக்குள் எத்தனை முயல்?

ஒரே கூண்டில் காட்டுக்கோழிகளும் முயல்களும். தலைகளை எண்ணினால் 35, கால்களை எண்ணினால் 94. எது எத்தனை? 'சுன்சி சுவான்ஜிங்' என்ற சீனக் கணித நூலில் உள்ள கணக்கு இது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. கோழிகளின் எண்ணிக்கையை 'கோ' என்றும் முயல்களின் எண்ணிக்கையை 'மு' என்றும் வைத்துக்கொள்வோம்.

கோ + மு = 35
2கோ + 4மு = 94

முதல் சமன்பாடு மட்டும் இருந்தால் 34 கோழி 1 முயல், 33 கோழி 2 முயல் என்று விடை நீண்டுகொண்டே போகும். பிரதியிடல் முறையில் அதையே கோ = 35 − மு என்று திருப்பி எழுதுகிறோம். சமக்குறியின் இரு பக்கமும் ஒரே எண்தான். ஆகவே 'கோ' வருகிற இடத்தில் 35 − மு என்று தயங்காமல் எழுதலாம். சரி, இரண்டாவதில் போட்டுப் பார்ப்போம்.

2(35 − மு) + 4மு = 94
70 + 2மு = 94

மு = 12, கோ = 23. பெரும்பாலும் விடை வந்ததும் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். எனக்கோ அந்த 70 + 2மு = 94 என்ற வரிதான் மிகவும் பிடிக்கும். அதைக் கூண்டோடு சேர்த்துப் படியுங்கள். 35 தலையும் கோழித்தலை என்றால் கால்கள் 70. ஒரு கோழியை வெளியே எடுத்து ஒரு முயலை உள்ளே விட்டால் தலைக்கணக்கு மாறாது, கால் மட்டும் இரண்டு கூடும். இன்னும் 24 கால் தேவை. அப்படியென்றால் 12 முறை மாற்ற வேண்டும். காகிதத்தில் எழுத்தை மாற்றியபோது நாம் செய்தது இதைத்தான்.

பலரும் தவறுவது அடைப்புக்குறியில். 2(35 − மு) என்பதை 70 − மு என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால், கோழியை வெளியே எடுத்த பிறகும் அதன் ஒரு கால் கூண்டுக்குள் இருப்பதாக ஆகிவிடும்!

அப்புறம், கோ = 35 − மு என்பதை அது பிறந்த முதல் சமன்பாட்டிலேயே போட்டால் 35 = 35 என்று வந்து நிற்கும். பிழை இல்லை, ஆனால் புதுச் செய்தியும் இல்லை. கால்களைப் பற்றித் தெரிந்தது இரண்டாவது சமன்பாட்டுக்குத்தான்.

கால்களுக்குப் பதிலாகக் கண்களை எண்ணியிருந்தால்? 2கோ + 2மு = 70. பிரதியிட்டால் 70 = 70; எத்தனை முயல் என்று கடைசிவரை தெரியாது. கண்கள் 72 என்று யாராவது சொன்னால் 70 = 72 என்று வரும். அப்படி ஒரு கூண்டு இருக்கவே முடியாது. எண்ணியவர் திரும்ப எண்ண வேண்டும்.