தோட்டாவைப் பிரித்து இடியனில் போடாதீர்கள்

"12 போர் தோட்டாவுக்குள் இருப்பதும் வெடிமருந்துதானே, இடியன் துவக்கில் போட்டால் என்ன?" இடியன் என்பது பட்டறையில் குழாயை வெட்டிச் செய்த, வாய்வழியாகக் கருமருந்து நிரப்பும் துவக்கு; 12 போர் என்பது வேட்டைத் துப்பாக்கித் தோட்டா. இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் முன்கூட்டிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் ஒரு வரியில் முடிந்திருக்கும். போட்டுப் பார்த்துவிட்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த பிறகுதான் பேச்சே எழும். அப்போதும் உண்மை உடனே வராது. "கிரைண்டர் பட்டிருச்சு சேர்", "பட்டாசு வெடிச்சிருச்சு" என்றுதான் கதை தொடங்கும்.

இலங்கை மலையகத்தில் அரச வைத்தியசாலை ஒன்றின் சத்திரசிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களிடம் வருகிறவர்களின் கொழுந்து மலையும் மரக்கறித் தோட்டமும் காட்டை ஒட்டியே இருக்கின்றன. இரவில் காட்டுப்பன்றி இறங்கினால் விடியும்போது உருளைக்கிழங்குப் பாத்தி உழுத நிலமாகக் கிடக்கும். விதைக்கிழங்கு, உரம் எல்லாம் கடனில் வாங்கியவருக்கு அந்தக் காலை எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆகவே துவக்கு வைத்திருப்பவரை ஏதோ பெரிய குற்றவாளி மாதிரி பேசப் போவதில்லை. பயிர்ப் பாதுகாப்புக்கென்று முறையாக உரிமம் எடுத்து வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. வெடிமருந்தைக் கண்ணால் பார்த்து, மூடியால் அளந்து, ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைப் போடும் பழக்கம்தான் என் மேசைக்கு ஆட்களை அனுப்புகிறது.

ஒரு கையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். தோட்டத்தில் இரவுக் காவல் பார்ப்பவர். இடது கை. துவக்கின் குழலைத் தாங்கிப் பிடிக்கும் கை அதுதான். பெருவிரலின் அடிச் சதை பிளந்து, தோல் மணிக்கட்டுப் பக்கம் சுருண்டு கிடந்தது. இடது கன்னத்தில் கறுப்புப் புள்ளிகள் தோலுக்குள்ளேயே பதிந்திருந்தன. காயத்துக்குள் மருந்தை அடைக்க வைத்த, கருகிய தேங்காய்த் தும்பு, துருப்பிடித்த இரும்புச் செதில்கள். சேலைன் ஊற்றிக் கழுவக் கழுவ, கோஸ் துணியில் இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது: கடுகை நசுக்கியது போன்ற மெல்லிய, தட்டையான வட்டத் துண்டுகள். கருமருந்து அப்படி இருக்காது. அது ஒழுங்கில்லாத கறுப்புக் குறுணி. இவை 12 போர் தோட்டாவில் இருக்கிற புகையில்லா மருந்தின் எரியாத துகள்கள்.

மறுநாள் வாட்டில் மெதுவாகக் கேட்டேன். "கருமருந்து ஈரமாயிருச்சு சேர். தோட்டா ரெண்டு கையில இருந்துச்சு. எப்பவும் அளக்கிற அதே மூடியால ஒரு மூடிதான் போட்டேன்."

அதே மூடி. விபத்து முழுக்க அதற்குள் இருக்கிறது.

கருமருந்து நூற்றாண்டுகள் பழையது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றின் கலவை. எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதே இல்லை. புகையாகவும் குழலில் படியும் கரியாகவும் போய்விடும். சுற்றியுள்ள அழுத்தம் கூடினாலும் எரியும் வேகம் பெரிதாக மாறாது. அதனால்தான் இடியன் மாதிரி வாய்வழி நிரப்பும் துவக்குகளில் மூடிக் கணக்கு இத்தனை காலம் ஓரளவு ஓடியது.

புகையில்லா மருந்து வேறு சாதி. 1884ல் போல் வியெய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் நைட்ரோசெலுலோஸை வைத்து இதைச் செய்தார். சில ஆண்டுகளிலேயே நோபல் அதனோடு நைட்ரோகிளிசரினையும் சேர்த்தார். இது ஏறக்குறைய முழுவதும் வாயுவாக மாறிவிடும். முக்கியமான விஷயம், அழுத்தம் ஏற ஏற இது இன்னும் வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். அதைத் தாங்கும் என்று சோதித்துச் செய்த உருக்குக்குள் இது வேலை. தண்ணீர் ஓடுவதற்குச் செய்த குழாய்க்குள் இது வேலை அல்ல.

இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஒரு சிட்டிகை புகையில்லா மருந்தைக் கல்லின்மேல் வைத்துக் கொளுத்தினால் சோம்பலாக மஞ்சள் சுவாலை விட்டு எரியும். கருமருந்து 'புஸ்' என்று ஒரே நொடியில் போய்விடும். பார்க்கிறவர் என்ன முடிவுக்கு வருவார்? "இது பலமில்லாத மருந்து, இன்னும் கொஞ்சம் போடலாம்." திறந்த வெளியில் எரிவது குழலுக்குள் எரிவதைப் பற்றி எதுவுமே சொல்லாது. அந்தச் சோதனையை நம்பி நிரப்பியவர்களின் கைகளை நான் தைத்திருக்கிறேன்.

கனடா, அவுஸ்திரேலியா போன இடத்தில் நம் ஆட்கள் சிலர் குறிபார்த்துச் சுடும் கழகங்களில் சேர்ந்து, கைத்துப்பாக்கித் தோட்டாவை வீட்டிலேயே மீள்நிரப்புவது உண்டு. அங்கே அது உரிமத்தோடு செய்யும் பொழுதுபோக்கு. "அவங்க வீட்டுல செய்றாங்க, நாங்க செஞ்சா மட்டும் தப்பா?" என்று ஒரு தம்பி என்னிடம் மல்லுக்கு நின்றார். சரி, அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதலில், மருந்தைத் தெரிவு செய்வதே தனி வேலை. கைத்துப்பாக்கியின் குழல் குட்டையானது, பெரும்பாலும் நான்கைந்து அங்குலம். ரவை (குண்டு) வெளியே போவதற்குள் எரிந்து முடிய வேண்டும், ஆகவே வேகமாக எரியும் மருந்து. நீண்ட ரைபிளுக்கு மெதுவான மருந்து. வேகமான மருந்தை ரைபிள் தோட்டாவில் தவறி நிரப்பினால் துவக்கே சிதறும். தகடு, உருண்டை, குச்சி என்று துகள்களுக்குப் பல வடிவம் உண்டு, மேலே பூச்சும் வேறுபடும். நிறத்தையோ வடிவத்தையோ பார்த்து இது இன்ன மருந்து என்று அனுபவசாலியும் சொல்லமாட்டார். டின்னில் ஒட்டியுள்ள பெயர்தான் சாட்சி. பெயரில்லாத மருந்தை அவர்கள் துவக்கில் போடுவதில்லை, அழித்துவிடுவார்கள்.

அளவு, உற்பத்தியாளர் வெளியிட்ட அட்டவணையில் இருந்துதான் வரும். எடுத்த எடுப்பில் உச்ச அளவுக்குப் போகமாட்டார்கள். தராசில் கிரெய்ன் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு கிரெய்ன் என்பது 64.8 மில்லிகிராம். நம்மவர் மூடியால் அளக்கிற பொருளை அவர்கள் நகைக்கடைக்காரரைவிட நுணுக்கமாக நிறுக்கிறார்கள்.

அப்படியிருந்தும் தவறு நடக்கிறது. .38 ஸ்பெஷல் என்ற தோட்டா 1898ல் கருமருந்துக்காக வடிவமைக்கப்பட்டது. அதனால் அதன் கோது (வெளிக்கூடு) பெரியது. இப்போது அதில் போடும் வேகமான புகையில்லா மருந்து அடியில் கொஞ்ச இடத்தில் அடங்கிவிடும். கவனம் பிசகி இரண்டாம் தடவை ஊற்றினாலும் மேலே பார்த்தால் தெரியாது. இதற்காகவே சிலர் பொம்மென்று இடத்தை அடைக்கும் மருந்தைத் தெரிவு செய்கிறார்கள். இரட்டை அளவு விழுந்தால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். குறைத்துப் போட்டாலும் ஆபத்துத்தான். ரவை குழலிலேயே சிக்கிக்கொள்ளும், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

அந்தத் துப்பாக்கிகளும் எந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்று அளவுகோல் வைத்துச் செய்தவை. அமெரிக்கத் தரப்படி 9 மில்லிமீற்றர் தோட்டாவுக்கு உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 இறாத்தல், .38 ஸ்பெஷலுக்கு 17,000, 12 போருக்கு 11,500. பட்டறையில் குழாயை வெட்டிச் செய்த இடியனுக்கோ கல்கட்டஸ் என்ற நாட்டுத் துவக்குக்கோ எது வரம்பு? செய்தவருக்கே தெரியாது. தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். அவர் சமாதானமானாரா என்று தெரியவில்லை, ஆனால் பேச்சை மாற்றினார்.

நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டமும் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும் இருக்கின்றன. அனுமதியில்லாமல் மருந்து செய்வது, வைத்திருப்பது, துவக்கு செய்வது எல்லாம் குற்றம். அதற்கு மேல் சட்டம் பேச நான் ஆள் இல்லை.

மலையகத்துக்கென்றே ஒரு வில்லங்கம் உண்டு: ஈரம். கருமருந்து ஈரத்தை இழுக்கும். மூடுபனியும் மழையும் விடாத மாதங்களில் போத்தலில் இருப்பது கட்டிபட்டுப் போகும். உடனே அடுப்படி. லயத்து (தோட்ட வரிசை வீட்டு) அடுப்பின் மேல் பரணில் விறகு காயும் இடத்தில் மருந்தும் காயும். ஒரு தணல் தெறித்தால் போதும். முகம், இரண்டு கை, சில நேரம் மூச்சுக்குழாய் எல்லாம் ஒன்றாக வெந்து வருவார்கள். பெரும்பாலும் அது மருந்தைக் காயவைத்தவர் அல்ல, விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகும் முன் ரொட்டி சுட அடுப்பு மூட்டிய வீட்டுப் பெண். மூக்கு மயிர் கருகியிருந்தால், குரல் கரகரத்தால், வெளியே காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே கூட்டிவாருங்கள். தொண்டை வீங்கி மூச்சு அடைக்கப் பல மணி நேரம்கூட ஆகலாம்.

கட்டுத்துவக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பன்றி வரும் வழியில் குறுக்கே கம்பி கட்டி, அது இழுபட்டால் தானாக வெடிக்க வைக்கும் துவக்கு அது. பன்றியின் உடம்பு உயரத்துக்குக் கட்டுவது பெரியவரின் முழங்காலுக்கும் சின்னப்பிள்ளையின் இடுப்புக்கும் சரியாக வரும். விறகுக்குப் போனவர்தான் அநேகமாக மாட்டுவார். முழங்காலின் பின்புறம் ஓடும் நாடி அறுந்தால் காலைக் காப்பாற்ற எங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஆறு மணி நேரம். காட்டிலிருந்து தூக்கிவந்து, டிராக்டரில் ஏற்றி, ரோட்டுக்கு வந்து, என்ன சொல்லலாம் என்று வீட்டார் கூடிப் பேசி முடிக்கும்போது அதில் பாதி போயிருக்கும். கடித்தால் வாயிலேயே வெடிக்கும் ஹக்க பட்டாஸ் இன்னும் மோசம். இரைக்குள் ஒளித்து வைப்பது என்பதால் பிள்ளையும் நாயும் மாடும் அதைப் பன்றியைவிட முதலில் கண்டுபிடித்துவிடும். வயலிலோ காட்டிலோ கம்பியோ கயிறோ குறுக்கே கட்டியிருப்பதைக் கண்டால் தொடாமல் வந்த வழியே திரும்பி பொலிஸின் 119க்குச் சொல்லுங்கள்.

காயம் பட்டுவிட்டால்? சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். தேயிலைத் தூள், கோப்பித் தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். நாங்கள் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் நேரம் போகும். உள்ளே குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். தீக்காயத்துக்கு ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம். கண்ணில் துகள் பாய்ந்திருந்தால் கசக்காமல், அழுத்தாமல், கடதாசிக் கோப்பை ஒன்றைக் கண்ணின் மேல் கவிழ்த்து ஒட்டி அழைத்து வாருங்கள். விரல் துண்டாகியிருந்தால் ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பைக்குள் போட்டு, அந்தப் பையை ஐஸின் மேல் வையுங்கள். விரலில் ஐஸ் நேராகப் படக்கூடாது.

"காயத்தைத் தைக்காமலே விட்டுட்டாங்க" என்று வீட்டார் கோபப்படுவார்கள். தும்பும் சீலைத்துண்டும் மண்ணும் உள்ளே போன காயத்தை முதல் நாளே மூடினால் அது உள்ளுக்குள் அழுகும். திறந்து விட்டு, மறுபடி கழுவி, சில நாள் கழித்துத்தான் தைப்போம். ஏற்பு (டெட்டனஸ்) ஊசியும் கட்டாயம்.

அப்புறம் பொலிஸ். வெடிக்காயம் என்றால் பொலிஸுக்குத் தகவல் போகும், சட்ட வைத்திய அதிகாரியும் பார்ப்பார். அதை நான் மறைக்க முடியாது, மறைக்கவும் மாட்டேன். ஆனால் சத்திரசிகிச்சை அதற்காகக் காத்திருக்காது. "பட்டாசு" என்று நீங்கள் சொன்னால் நான் தோலைப் பார்ப்பேன். "துவக்கு" என்று சொன்னால் எக்ஸ்ரே எடுத்து இரும்பைத் தேடுவேன், நாடியைத் தேடுவேன். மிச்ச மருந்தையும் துவக்கையும் அம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு வரவேண்டாம், இருந்த இடத்திலேயே பொலிஸ் எடுக்கட்டும். எங்களிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: உள்ளே என்ன நிரப்பியிருந்தது, எத்தனை மணிக்கு வெடித்தது, காயப்பட்டவர் கடைசியாக எப்போது சாப்பிட்டார். மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் முதலில் கேட்பது அந்தக் கடைசிக் கேள்வியைத்தான்.